தீயின் நடுவே ஒரு வணக்கம்

நுழையும்முன்

போர் வரலாறுகள் பெரும்பாலும் நாடுகளின் வெற்றி தோல்விகளையே பேசுகின்றன. போரில் உயிர்நீத்த தனிமனிதர்கள் எண்ணிக்கையுள் மறைந்துபோகின்றனர். அவ்வாறு மறைந்திருக்கக்கூடிய ஓர் இளைஞரின் செயல், அதனை நேரில் கண்ட ஒருவரின் சாட்சியத்தால் உலகறியப்பட்டது. அவ்வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இரவில் பறந்தோர்

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் வான்படையின் குண்டுவீச்சுப் பிரிவு, எதிரியின் கண்ணுக்குத் தப்புவதற்காகப் பெரும்பாலும் இரவிலேயே தாக்குதல் நடத்தியது. அப்பிரிவில் பிரிட்டனைச் சேர்ந்தவர்களுடன் கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, போலந்து முதலிய நாடுகளின் இளைஞர்களும் பணியாற்றினர். விமானத்தில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேருள் 55,573 பேர் உயிரிழந்தனர். அவர்கள் அனைவரும் தாமாக முன்வந்து அப்பணியை ஏற்றவர்கள்.

லான்காஸ்டர் என்னும் நான்கு எந்திரக் குண்டுவீச்சு விமானத்தில் எழுவர் பயணம் செய்தனர். அவர்களுள் வால்பகுதித் துப்பாக்கி வீரர், ஏனையோரிடமிருந்து விலகி, குறுகிய கூண்டு ஒன்றில் தனித்து அமர்ந்திருப்பார். ஆபத்து நேரும்போது அவர் வெளியேறுவது மிகக் கடினம்.

காம்பிரே நோக்கி

ஆண்ட்ரூ மைனார்ஸ்கி 1916ஆம் ஆண்டு கனடாவின் வின்னிபெக் நகரில், போலந்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தார். கனடா வான்படையில் சேர்ந்து, விமானத்தின் மேற்பகுதித் துப்பாக்கி வீரரானார். அவருடைய நெருங்கிய நண்பர் பேட் பிராபி, அதே விமானத்தின் வால்பகுதித் துப்பாக்கி வீரர்.

நேசநாட்டுப் படைகள் நார்மண்டியில் தரையிறங்கி ஆறு நாள்களே கடந்திருந்தன. 1944 ஜூன் 12ஆம் நாள் இரவு, பிரான்சின் காம்பிரே நகரிலிருந்த இருப்புப்பாதை நிலையங்களைத் தாக்க இவர்களது விமானம் புறப்பட்டது. நள்ளிரவுக்குப்பின் ஜெர்மானியப் போர்விமானம் ஒன்று அதனைச் சுட்டது. இடப்பக்க எந்திரங்கள் இரண்டும் செயலிழந்தன, விமானத்தினுள் தீப்பற்றியது. அனைவரையும் குதிக்குமாறு விமானி ஆணையிட்டார்.

வெளியேறும் வழியை அடைந்த மைனார்ஸ்கி திரும்பிப் பார்த்தார். பிராபியின் கூண்டு அசையாமல் சிக்கியிருந்தது. குதித்து உயிர்பிழைத்திருக்கக்கூடிய அவர், தீயினூடே தவழ்ந்து நண்பரிடம் சென்றார். கோடரியாலும் பின்னர் வெறுங்கையாலும் கூண்டைத் திறக்க முயன்றார். அவருடைய உடையிலும் வான்குடையிலும் தீப்பற்றியது. தம்மை விட்டுச் செல்லுமாறு பிராபி சைகை காட்டினார். மைனார்ஸ்கி மனமின்றிப் பின்னோக்கித் தவழ்ந்து, வாயிலருகே எழுந்து நின்று, நண்பருக்குப் படைவீரர் முறையில் வணக்கம் செலுத்திய பின்னரே குதித்தார். தரையிறங்கிய அவர், கடுமையான தீக்காயங்களால் உயிரிழந்தார்.

சாட்சியம்

விமானம் தரையில் மோதி நொறுங்கியது. ஆனால், சிக்கியிருந்த பிராபி மோதலின் விசையால் வெளியே வீசப்பட்டு உயிர்தப்பினார்! மற்ற ஐவரும் பிழைத்தனர். மைனார்ஸ்கியின் செயலைக் கண்டவர் பிராபி ஒருவரே. அவரும் இறந்திருந்தால், ‘தாக்குதலில் உயிரிழந்தார்’ என்னும் ஒற்றைக் குறிப்பே எஞ்சியிருக்கும். பிராபியின் வாய்மொழியால் உண்மை வெளிப்பட்டது. 1946இல் மைனார்ஸ்கிக்கு விக்டோரியா சிலுவை விருது, அவர் மறைவுக்குப்பின் வழங்கப்பட்டது. இங்கிலாந்தில் அவர் பறந்து சென்ற மிடில்டன் செயின்ட் ஜார்ஜ் வான்தளம் இன்று பொது விமான நிலையமாக விளங்குகிறது. அங்கு 2005இல் அவருக்குச் சிலை நிறுவப்பட்டது.

நினைவின் கடமை

சாட்சியற்று மறைந்தவர்களோ மிகப்பலர். கல்லறை அறியப்படாத வான்படையினர் இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோரின் பெயர்களை, இங்கிலாந்தின் ரன்னிமீட் நினைவகம் தாங்கி நிற்கிறது.

இவர்களை நினைவுகூரும்போது மற்றோர் உண்மையையும் மறத்தலாகாது. 1943இல் ஹாம்பர்க் நகரிலும் 1945இல் டிரெஸ்டன் நகரிலும் குண்டுவீச்சினால் பல்லாயிரம் பொதுமக்கள் மாண்டனர். ஆதலால், குண்டுவீச்சுப் பிரிவினரைப் போற்றுவது குறித்துப் போருக்குப்பின் நெடுங்காலம் விவாதம் நிலவியது. 2012இல் இலண்டன் கிரீன் பூங்காவில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டபோது, குண்டுவீச்சில் உயிரிழந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வாசகம் அதில் பொறிக்கப்பட்டது.

ஒருவரின் தியாகத்தைப் போற்றுவது போரைப் போற்றுவதாகாது. எரியும் விமானத்தில் மைனார்ஸ்கி காக்க முயன்றது ஓர் உயிரை. போரில் மாண்ட ஒவ்வொருவரையும் அவ்வாறே ஓர் உயிராக எண்ணிப் பார்ப்பதே, அவருக்கு நாம் செலுத்தும் பதில் வணக்கமாகும்.