பால் கேனில் வந்த ரத்தம்

ஊருக்கு ஒரு பல்கலைக்கழகம் – 9

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வானொலி நிலையத்தைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பேராசிரியர் பாப்காக் 1890இல் பாலின் கொழுப்பை அளக்கும் முறையைக் கண்டுபிடித்ததும், அதற்குக் காப்புரிமை வாங்காமல் விவசாயிகளுக்கே விட்டுக்கொடுத்ததும் போன வாரக் கதை. மாநிலத்தின் ஒவ்வொரு குடும்பத்தையும் பல்கலைக்கழகம் சென்று சேர வேண்டும் என்று அதன் தலைவர் வான் ஹைஸ் வகுத்த கொள்கை அதற்கும் முந்தைய வாரம். வானொலிக்குக் குறிப்பெடுக்கும்போதுதான் கார்ல் லிங்க் என்ற உயிர்வேதியியல் பேராசிரியர் 1959இல் ஒரு மருத்துவ இதழில் எழுதிய கட்டுரை கண்ணில் பட்டது. அதைப் படித்த பிறகு வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

1933 பிப்ரவரி. ஒரு சனிக்கிழமை பிற்பகல், பல்கலைக்கழகம் இருக்கும் மேடிசன் நகரில் பனிப்புயல். மாநிலத்தின் வடமேற்கில் உள்ள டீர் பார்க் என்ற சிற்றூரிலிருந்து ஒரு விவசாயி 190 மைல், அதாவது ஏறக்குறைய 300 கிலோமீட்டர், அந்தப் புயலிலேயே வண்டி ஓட்டி வந்திருந்தார். அவர் கொண்டுவந்தவை மூன்று: செத்துப்போன ஒரு கிடாரி, 100 பவுண்டு கெட்டுப்போன தீவனம், ஒரு பால் கேன். கேனில் இருந்தது ரத்தம். அவ்வளவு தூரம் குலுங்கி வந்தும் உறையாத ரத்தம்.

டிசம்பரிலிருந்து அவருடைய தொழுவத்தில் மாடுகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. காளைக்கு மூக்கிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கால்நடை மருத்துவ அலுவலகத்தைத் தேடித்தான் அவர் வந்தார். சனிக்கிழமை என்பதால் அது பூட்டிக் கிடந்தது. திறந்திருந்த கட்டடம் உயிர்வேதியியல் துறை. அங்கே இருந்தவர் லிங்க்.

அந்த நோய் புதிதல்ல. குதிரை மசாலுக்கு உறவான ஸ்வீட் க்ளோவர் என்ற தீவனப் பயிர், சத்தில்லாத நிலத்திலும் வளரும் என்பதால் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் பரவியிருந்தது. அதில் கூமரின் என்ற பொருள் உண்டு. புதிதாக அறுத்த புல்லின் இனிய மணத்துக்கு அதுதான் காரணம். போர் போட்ட தீவனம் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்தால், பூஞ்சணம் அந்தக் கூமரினை வேறொரு பொருளாக மாற்றிவிடும். அதைத் தின்ற மாட்டுக்குக் கொம்பை அறுத்தாலோ காயடித்தாலோ ரத்தம் நிற்காது. காயமே இல்லாமல் உள்ளுக்குள் கசிந்து செத்த மாடுகளும் உண்டு. வசதியான காலமாக இருந்தால் கெட்ட தீவனத்தைக் குப்பையில் கொட்டியிருப்பார்கள். அது பெருமந்தக் காலம். பால் விலை விழுந்து விஸ்கான்சின் விவசாயிகள் பால் வேலைநிறுத்தத்தில் இறங்கிய ஆண்டு. வேறு தீவனம் வாங்கக் கையில் காசு இல்லை.

தீவனம்தான் காரணம் என்று 1920களிலேயே கண்டுபிடித்தவர் கனடாவின் கால்நடை மருத்துவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட். ஒரே கட்டிலிருந்து நல்ல தண்டுகளையும் கெட்ட தண்டுகளையும் தனித்தனியே பிரித்து முயல்களுக்குக் கொடுத்தார். நல்லதைத் தின்ற முயல் பிழைத்தது, மற்றது செத்தது. இவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இதற்கு முன் இவர் கொரியாவில் மருத்துவக் கல்லூரி ஆசிரியர். 1919இல் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராகக் கொரிய மக்கள் எழுந்தபோது, அந்தப் போராட்டத்தையும் அடக்குமுறையையும் படம் பிடித்து உலகுக்குக் காட்டினார். இன்று சியோல் தேசியக் கல்லறையில் உறங்குகிறார். தன் வேலைக்கு வெளியே நடப்பதையும் பார்க்கிற கண் அவருக்கு இருந்தது.

மேடிசனுக்குத் திரும்புவோம். லிங்கிடம் மருந்து இல்லை. இந்தத் தீவனத்தை நிறுத்துங்கள், முடிந்தால் மாடுகளுக்கு நல்ல ரத்தம் ஏற்றிப் பாருங்கள் என்பதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. விவசாயி மீண்டும் அந்தப் புயலுக்குள் 190 மைல் திரும்பினார்.

அவர் போன பிறகு நடந்ததுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. லிங்கின் உதவியாளர் ஷோஃபெல், ஜெர்மனியிலிருந்து வந்தவர், ஆய்வகத்தில் நிலைகொள்ளாமல் தவித்தார். இத்தனை தூரம் வந்த மனிதனை, ஐந்து வருடத்திலோ பதினைந்து வருடத்திலோ நிறைவேறலாம், நிறைவேறாமலும் போகலாம் என்கிற வாக்குறுதியோடு அனுப்புவதா என்று பொருமினார். கேனில் கையை விட்டு, உறையாத அந்த ரத்தத்தைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். லிங்குக்கு இந்த நோய் பற்றி முன்பே ஓரளவு தெரியும். அதே பல்கலைக்கழகத்தின் மரபியல் துறையினர் கூமரின் குறைந்த ஸ்வீட் க்ளோவர் ரகத்துக்காக அவரிடம் பேசியிருந்தார்கள். அது காகிதத்தில் இருந்த கேள்வி. சனிக்கிழமை வந்த கேள்வி பால் கேனில் இருந்தது.

விடை கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. 1939 ஜூனில் லிங்கின் ஆய்வகத்தில் ஹெரால்ட் கேம்பெல் அந்தப் பொருளைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதுதான் டைகூமரால். 1940களின் தொடக்கத்திலேயே, ரத்தக்கட்டு வராமல் தடுக்க மனிதர்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு காசநோயால் மருத்துவமனையில் படுத்திருந்த லிங்க், இதே வகைப் பொருளால் எலியைக் கொல்லலாமே என்று யோசித்தார். அப்படி 1948இல் எலி மருந்தாக வந்ததுதான் வார்ஃபரின். பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குப் பணம் தந்த அறக்கட்டளையின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் ‘வார்ஃப்’. அதோடு கூமரினின் வால் சேர்ந்து அந்தப் பெயர் உண்டானது. 1954இல் அது மனிதர்களுக்கான மருந்தாக அனுமதி பெற்றது. அடுத்த ஆண்டு மாரடைப்பு வந்த அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் வார்ஃபரின் கொடுத்தார்கள்.

நம் ஊரில் இதய வால்வு மாற்றிக்கொண்டவர்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். வார்ஃபரின் அல்லது அதன் உறவான அசிட்ரோம் மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, கீரையின் அளவை ஏற்றி இறக்காதீர்கள் என்று மருத்துவர் சொல்லும் எச்சரிக்கை. எல்லாவற்றுக்கும் வேர், டீர் பார்க் தொழுவத்தில் பூஞ்சணம் பிடித்த அந்தத் தீவனம்.

பல்கலைக்கழகம் ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றித்தான் எட்டு வாரமாக எழுதினேன். ஊர் வந்து கதவைத் தட்டுவது அதற்கு இணையானது என்று இப்போது நினைக்கிறேன். அந்த விவசாயிக்கு, பிரச்சினை என்றால் மேடிசனுக்குப் போகலாம் என்று அன்று காலையில் யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. விவசாயிகளுக்கான குளிர்காலப் படிப்பை அந்தப் பல்கலைக்கழகம் 1880களிலேயே தொடங்கியிருந்தது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டுப் பழக்கம்தான் அவரைப் புயலில் கிளம்ப வைத்திருக்க வேண்டும்.

நமக்கும் அப்படி ஒரு கதவு உண்டு. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் புதுச்சேரியில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலான மாவட்டங்களில் ஒன்று இருக்கிறது. வானொலியை அடுத்த வாரம் கட்டாயம் எழுதுகிறேன். அதற்குள், வாடிய செடியோ நோயில் விழுந்த மாடோ இருந்தால் அந்த நிலையத்துக்குப் போங்கள். வாய்வார்த்தையோடு போகாதீர்கள், செடியை வேரோடு பிடுங்கி, மண்ணையும் தீவனத்தையும் அள்ளிக்கொண்டு போங்கள். பதில் தெரியாது என்று சொன்னாலும், கொண்டுபோனதை அங்கே வைத்துவிட்டு வாருங்கள்.