பசளை இல்லாத பெரும்போகம்

கட்டுக்கரைக் குளத்தின் கீழ் நாலு ஏக்கர் வயல் செய்யும் கமக்காரர் ஒருவரை 2022 மாசியில் அறுவடை நடக்கும்போது சந்தித்தேன். வரம்பில் அடுக்கியிருந்த மூடைகளைக் காட்டி, "சுவாமி, எண்ணிப் பாருங்கோ" என்றார். ஏக்கருக்கு இருபத்தைந்து மூடை எடுத்த மனிதர். அந்த முறை பத்து மூடை. அதிலும் பாதி சப்பி. "குளத்தில தண்ணி நிறைய இருந்தது. மழையும் பிழைக்கேல்லை. பயிர்தான் எழும்பேல்லை."

வறட்சியால் வயல் கருகுவதை நம் மக்கள் கண்டிருக்கிறார்கள், வெள்ளம் அள்ளிக்கொண்டு போவதையும் கண்டிருக்கிறார்கள். இரண்டும் இல்லாமல் விளைச்சல் விழுந்ததை அந்தப் போகத்தில்தான் கண்டார்கள்.

2021 மே 6ஆந் திகதி வெளியான வர்த்தமானி இரசாயனப் பசளையின் இறக்குமதியைத் தடுத்தது. 2019 தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ மக்களுக்குச் சொன்னது, பத்து ஆண்டுகளில் நாடு படிப்படியாகச் சேதனப் பசளைக்கு மாறும் என்பது. அந்தப் பத்து ஆண்டுகள் ஒரே நாளாகச் சுருங்கின. மக்களின் சுகநலமே காரணம் என்றார்கள். ஆனால் 2019 இறுதியில் வரிகளை வெட்டி, பிறகு கொரோனாவால் உல்லாசப் பயணத்துறை வருமானத்தையும் இழந்த அரசின் கையில் டொலர் வற்றிக்கொண்டிருந்ததையும் எல்லோரும் அறிவார்கள்.

இவ்விடத்தில் ஒரு மனக்குறையையும் சொல்லிவிட வேண்டும். கூட்டெரு தயாரிப்பது பற்றிக் கிராமம் கிராமமாக வகுப்பு வைத்தவர்களில் நானும் ஒருவன். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். கூட்டெருவில் ஒன்றிரண்டு பங்கு இருந்தால் பெரிய காரியம். ஐம்பது கிலோ யூரியா மூடை ஒன்று கொடுப்பதைக் கொடுக்க இரண்டு தொன் வரை கூட்டெரு வேண்டும். நாடு முழுவதற்கும் அவ்வளவு எருவையும் ஆறு மாதத்தில் யார் செய்வது, எந்த மாட்டுச் சாணத்தில் செய்வது? மண்ணைப் பல வருடம் பழக்கித்தான் மாற்ற முடியும் என்று நாம் சொல்லிக்கொடுத்திருந்தோம். இப்போது சேதன விவசாயம் என்று வாயெடுத்தாலே கமக்காரர் சிரிக்கிறார்கள்.

2021 நவம்பர் 24இல் தடை நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போக விதைப்பு நடந்துவிட்டது. பசளையோ கடையில் இல்லை. 2022 சிறுபோகத்துக்கு இந்தியக் கடனுதவியில் வந்த யூரியா மூடை 10,000 ரூபாவுக்குக் கொடுக்கப்பட்டது. தடைக்கு முன் நெற்செய்கைக்கு அதே பசளை இலவசமாகக் கிடைத்தது.

வயதானவர்கள் இதைச் சிறிமாவோ காலத்தோடு ஒப்பிடுகிறார்கள். 1970களில் பாணுக்கும் வரிசை, அரிசியை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுசெல்லத் தடை. மலையகத் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தார்கள். ஆயினும் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராதபடியால், வடக்கில் அவற்றைப் பயிரிட்டவர்கள் அன்று கல்வீடு கட்டினார்கள். 2021இல் தடுக்கப்பட்டதோ விளைபொருளல்ல, விளைவிக்கத் தேவையான பொருள். நகரத்தவனோடு சேர்ந்து விளைவிப்பவனும் விழுந்தான்.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென்று அரசு அறிவித்தது. ஆனால் வீடுகளில் அதற்கு முன்பே கை விரித்தாயிற்று. 380 ரூபா விற்ற 400 கிராம் பால்மாப் பெட்டி அந்த மார்ச்சில் 790 ரூபா. பல வீடுகளில் பிள்ளைகளுக்கு வெறும் தேத்தண்ணி. முதலில் மீன் போயிற்று, பிறகு முட்டை, பிறகு பருப்பு. சோறும் சம்பலும் மிஞ்சின. தாய்மார் இரவுச் சாப்பாட்டை விட்டார்கள். கேட்டால், "எனக்குப் பசிக்கேல்லை" என்பார்கள். உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய அமைப்பும் அந்த ஆண்டு 63 இலட்சம் பேர் உணவுப் பாதுகாப்பை இழந்ததாகக் கணக்கிட்டன. இரவில் பசிக்காத இந்தத் தாய்மாரை எந்தக் கணக்கில் எழுதினார்களோ.

கரையிலும் அதே கதை. 87 ரூபாவாயிருந்த மண்ணெண்ணெய் லீற்றர் 2022 ஓகஸ்டில் 340 ரூபாவாயிற்று. எண்ணெய்க் காசுக்கே மீன் காணாது என்று வள்ளத்தைக் கரையில் ஏற்றியவர்கள் பலர்.

ஜனாதிபதி அந்த ஜூலையிலேயே நாட்டை விட்டு ஓடிவிட்டார். வரிசைகளும் பின்னர் மறைந்தன. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்து, அடுத்த ஆண்டு வேகமாக இறங்கியது. பணவீக்கம் இறங்கினால் விலை இறங்கியதாக அர்த்தமில்லை, ஏறும் வேகம் குறைந்தது என்பதே அர்த்தம். இதைக் கூட்டங்களில் விளக்கும்போது முதலில் தலையாட்டுபவர்கள் பெண்கள்தான்.

2023 நவம்பரில், பொருளாதார நெருக்கடிக்கு ராஜபக்ஷ சகோதரர்களும் உயரதிகாரிகள் சிலரும் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் கமக்காரரிடம் அச்செய்தியை வாசித்துக் காட்டினேன். "அப்ப எங்கட மிச்சப் பதினைஞ்சு மூடைக்கு?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மனைவியின் தாலிக்கொடியை 2022 சிறுபோகத்துக்காக அடகு வைத்தவர் அவர். வட்டி மட்டும் கட்டி வருகிறார். நாலு ஏக்கரில் இரண்டைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, மூத்த மகனைக் கட்டாருக்கு அனுப்பியிருக்கிறார்.