குழந்தையின் பிளாஸ்டிக் தட்டுக்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயமா? ஓசூர் வியாபாரிகளும் பெற்றோரும் குழம்பும் இடம் இதுதான்

கார்ட்டூன் படம் போட்ட தட்டு, மூடி வைத்த சிப்பர், யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த ஸ்பூன். ஓசூர், கிருஷ்ணகிரி ஃபேன்சி கடைகளில் இந்த செட்டுகளுக்கு எப்போதும் கிராக்கி உண்டு. பெரும்பாலும் பெங்களூரு மொத்தச் சந்தையில் எடுத்து வருவார்கள். கொஞ்சம் துணிச்சலான வியாபாரிகள் நேராகச் சீனாவில் இருந்தே இறக்குமதி செய்யலாமே என்று கணக்குப் போடுகிறார்கள். அப்போது வரும் முதல் கேள்வி: "இதுக்கு ஐ.எஸ்.ஐ. வேணுமா, வேண்டாமா?"

நேரடியான பதில், பொருளைப் பொறுத்தது. 'குழந்தைகளுக்கான பிளாஸ்டிக் பாத்திரம்' என்று ஒரே பெயரில் நாம் சொல்வதை சட்டம் மூன்று வேறு பொருட்களாகப் பார்க்கிறது.

பால் பாட்டில் என்றால் பேச்சே இல்லை. 1992-ம் ஆண்டின் குழந்தைப் பால் மாற்று உணவுச் சட்டம் (2003-ல் திருத்தப்பட்டது) இந்தியத் தர நிர்ணய அமைவனமான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரை இல்லாத பாட்டிலை விற்கவே கூடாது என்கிறது. விளம்பரம் செய்வதற்கும் தடை. பிளாஸ்டிக் பால் பாட்டிலுக்கான தரநிலை ஐ.எஸ். 14625. 2015-ல் புதுப்பிக்கப்பட்ட இந்தத் தரநிலை, பி.பி.ஏ. என்ற வேதிப்பொருள் கலந்த பாலிகார்பனேட்டை ஒதுக்கி வைத்தது. பி.பி.ஏ. உடலின் ஹார்மோன்களைப் போல நடிக்கக்கூடியது என்பதுதான் காரணம்.

அடுத்தது பொம்மை. 2020 பிப்ரவரியில் வந்த பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. 14 வயதுக்குட்பட்டோர் விளையாடுவதற்கான எந்தப் பொருளுக்கும், அது உள்நாட்டில் செய்ததோ வெளியில் இருந்து வந்ததோ, ஐ.எஸ்.ஐ. கட்டாயம். 'விளையாட மட்டுமே' என்று இல்லை, 'விளையாடவும்' பயன்பட்டால் போதும். பொம்மை டீ செட், சொப்பு சாமான் எல்லாம் சந்தேகமில்லாமல் இதற்குள் வரும். கார் வடிவத் தட்டு, அதில் சக்கரம் சுழலும் என்றால்? இங்கேதான் சுங்கத் துறையோடு வாக்குவாதம் தொடங்குகிறது.

மூன்றாவது, வெறும் சாப்பாட்டுத் தட்டு, கிண்ணம், ஸ்பூன். இதற்கு ஐ.எஸ்.ஐ. கட்டாயம் இல்லை. எவர்சில்வர், அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி 2024 மார்ச்சில் மத்திய அரசு ஆணையே பிறப்பித்தது. பாட்டி காலத்து எவர்சில்வர் டம்ளருக்கு இருக்கும் கெடுபிடி, இரண்டு வயதுக் குழந்தை கடித்துக்கொண்டே சாப்பிடும் பிளாஸ்டிக் கிண்ணத்துக்கு இல்லை. கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கிறது.

அப்படியென்றால் விதியே இல்லையா?

இருக்கிறது, ஆனால் சுற்றி வளைத்து. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 பேக்கேஜிங் விதிமுறைகள் 2019 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. பிளாஸ்டிக்கில் இருந்து உணவுக்குள் கசியும் மொத்தப் பொருள் ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம், அல்லது ஒரு சதுர டெசிமீட்டர் பரப்புக்கு 10 மில்லிகிராம் தாண்டக்கூடாது. ஆன்டிமனி, பேரியம் போன்ற உலோகங்களுக்குத் தனித்தனி வரம்பு. நிறமிகளுக்கு ஐ.எஸ். 9833. சோதனை முறைக்கு ஐ.எஸ். 9845. தண்ணீர், 3 சதவீத அசிட்டிக் அமிலம், ஆல்கஹால் கரைசல், ஹெப்டேன் ஆகியவற்றை உணவுக்குப் பதிலாக வைத்து, குறிப்பிட்ட வெப்பத்தில் குறிப்பிட்ட நேரம் ஊறவிட்டு என்ன கசிகிறது என்று எடைபோடுவார்கள். அமிலக் கரைசலை நம்மூர் புளிக்குழம்பு என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த விதிமுறைகளின் மொழி முழுக்க உணவைப் பொதிவது, சேமிப்பது பற்றியது. தட்டில் போட்டுச் சாப்பிடுவது அந்தச் சொற்களுக்குள் வசதியாக உட்காரவில்லை. நேர்மையான இறக்குமதியாளர் இந்தச் சோதனை அறிக்கையை வாங்கி வைத்துக்கொள்வார். மற்றவர்களைக் கேட்க ஆள் குறைவு.

ஐரோப்பிய ஒன்றியம் இதை வேறு மாதிரி பார்க்கிறது. அங்கே 2011-ம் ஆண்டின் 10-வது விதிமுறை, உணவைத் தொடும் எல்லா பிளாஸ்டிக்கையும், தட்டு, கரண்டி உட்பட, ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது. சீனா, ஹாங்காங்கில் இருந்து வரும் மெலமைன், நைலான் சமையலறைப் பொருட்களுக்கு மட்டும் கூடுதல் நிபந்தனை விதித்து அதே ஆண்டில் தனி விதியும் போட்டார்கள்.

மெலமைன் மேல் ஏன் இவ்வளவு கண்? பீங்கான் போலப் பளபளக்கும், கீழே விழுந்தாலும் எளிதில் உடையாது, விலையும் குறைவு. அதனால்தான் குழந்தைகள் செட்டில் அதிகம். ஆனால் சூடும் புளிப்பும் சேர்ந்தால் மெலமைன் கசியும். தைவானில் 12 பேருக்குச் சூடான நூடுல்ஸ் சூப் கொடுத்து ஓர் ஆய்வு நடந்தது. மெலமைன் கிண்ணத்தில் குடித்தபோது சிறுநீரில் வெளியேறிய மெலமைன், பீங்கான் கிண்ணத்தில் குடித்தபோது இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம் என்று 2013-ல் வெளியான முடிவு சொன்னது. கொதிக்கும் ரசத்தை மெலமைன் கிண்ணத்தில் ஊற்றுவதும், அதை மைக்ரோவேவில் வைப்பதும் வேண்டவே வேண்டாம்.

எல்லையில் யார் பார்ப்பார்கள்?

யாரும் இல்லை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. ஜூஜூவாடி வழியாக வரும் லாரிக்கு இ-வே பில் இருந்தால் சரி. அதில் சரக்கின் குறியீடும் மதிப்பும் இருக்கும், பிளாஸ்டிக் என்ன ரகம் என்று இருக்காது. உண்மையான வாசல் துறைமுகமும், பெங்களூரு ஒயிட்ஃபீல்டு கன்டெய்னர் முனையம் போன்ற இடங்களும்தான். அதைத் தாண்டிவிட்டால் பிறகு கடையில் வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

துறைமுகத்தில் ஆசை காட்டும் ஒரு விஷயம் வரி. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020-ல் 20-ல் இருந்து 60 சதவீதமாகவும், 2023-ல் 70 சதவீதமாகவும் உயர்ந்தது. பிளாஸ்டிக் பாத்திரங்களுக்கு (3924 என்ற தலைப்பு) அதைவிடக் குறைவு. எனவே பொம்மையைப் பாத்திரம் என்று எழுதினால் வரியும் மிச்சம், ஐ.எஸ்.ஐ.யும் தேவையில்லை. "எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதிகாரி மறுத்தால் சரக்கு அங்கேயே நிற்கும், டெமரேஜ் நாள் கணக்கில் ஏறும், சின்ன வியாபாரியின் முதலே கரைந்துவிடும். 2016-ம் ஆண்டின் பி.ஐ.எஸ். சட்டப்படி கட்டாய முத்திரை இல்லாத பொருளை விற்றால் முதல் முறை குறைந்தது 2 லட்சம் ரூபாய் அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. இரண்டுமே சேர்ந்தும் வரலாம். 2025 மார்ச்சில் திருவள்ளூர் மாவட்டத்தில் அமேசான், ஃபிளிப்கார்ட் கிடங்குகளிலேயே பி.ஐ.எஸ். சோதனை நடத்தி, முத்திரை இல்லாத பொருட்களைப் பறிமுதல் செய்தது.

இன்னொன்றையும் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஐ.எஸ்.ஐ. உரிமம் இறக்குமதியாளருக்குக் கிடைப்பதில்லை, வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குத்தான். பி.ஐ.எஸ். அதிகாரிகள் அந்தத் தொழிற்சாலையைப் பார்வையிட வேண்டும். தொழிற்சாலை இந்தியாவில் ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும். விற்பவர் அனுப்பும் 'சி.இ. சான்றிதழ்' பி.டி.எஃப். இதற்கு ஈடாகாது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிறந்தநாள் பார்ட்டி தட்டு, கப், ஸ்பூன் என்றால் சான்றிதழ் தேடவே வேண்டாம். 2022 ஜூலை 1 முதல் அவற்றின் இறக்குமதிக்கே தடை. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே, 2019 ஜனவரியில் இருந்து தடை உண்டு.

ஆர்டர் கொடுப்பதற்கு முன் மாதிரியை ஐ.எஸ். 9845 முறையில் சோதித்துவிடுவது மலிவான காப்பீடு. சென்னை கிண்டியில் சிப்பெட், மைசூருவில் சி.எஃப்.டி.ஆர்.ஐ. என ஓசூரில் இருந்து ஒரே நாளில் போய்வரும் தூரத்தில் அரசு நிறுவனங்கள் இருக்கின்றன. அறிக்கையில் இருக்கும் நிறமும் கன்டெய்னரில் வரும் நிறமும் ஒன்றாக இருக்கட்டும். வெள்ளைத் தட்டின் அறிக்கை சிவப்புத் தட்டுக்குச் செல்லாது.

பெற்றோர் பார்க்க வேண்டியது அட்டைப் பெட்டியின் பின்பக்கம். இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரான நாடு, எம்.ஆர்.பி. நான்கும் இருக்க வேண்டும். பெட்டியில் சீன எழுத்து மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பால் பாட்டிலிலும் பொம்மையிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே உள்ள உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டால் எந்தத் தொழிற்சாலை என்று காட்டும். முத்திரை இருந்து, எண் வராவிட்டால் அது போலி. அதே செயலியிலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலோ புகார் கொடுக்கலாம். பில்லை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.