சூடும் ஊசியும்

சூட்டுக்கோல் சிகிச்சையில் வல்லவரான அந்தலூசிய மருத்துவமேதை அல்-ஸஹ்ராவி (மறைவு: 1013), முற்றிய புற்றைத் தம்மால் குணப்படுத்த இயன்றதில்லை என எழுதிவைத்தார். அந்நேர்மை நமக்கு இன்றும் தேவை.

இன்று ரேடியோ அலை பாயும் ஊசிமுனை, கட்டியை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கி அழிக்கிறது. சிதைந்த அணுக்களின் கூறுகளைக் கண்டு உடலின் காவலணுக்கள் பகையை அறிகின்றன. அவற்றைத் தூண்டும் ஊசிமருந்தையும் சேர்த்தால், சூடு எட்டாத கட்டிகளும் சுருங்கலாம் என்பதே இவ்விணைப்பின் அடிப்படை. தூண்டுதல் புதிதன்று, காசநோய்த் தடுப்பு மருந்தான பி.சி.ஜி., 1976-இல் வெளியான ஆய்வுக்குப்பின் சிறுநீர்ப்பைப் புற்றுக்குப் பயன்பட்டு வருகிறது.

ஆயினும் முற்றிய புற்றுக்கு இவ்விணைப்பு இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. எனவே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிச் சகோதரர்கள் வீட்டை விற்று இதனை நாடுமுன், 1954-இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் ஆலோசனை பெறுவது நலம். மருந்து தேடுவது நபிவழி. பொய்யுறுதியில் மயங்குவது அன்று.