எல்லைப்புறக் கிராமங்களில் சேரு வர்க்க மரங்கள்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் பெருவழி, நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்து, களியக்காவிளையில் தமிழ்நாட்டை அடைகின்றது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துடன் சேர்க்கப்பட்டபொழுது, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. எல்லையின் இருபுறத்துச் செம்பாறை மேடுகளிலும் இன்றும் ஒரே மரங்கள்தாம் வளர்கின்றன. அவற்றின் பெயர்கள் மட்டும் தமிழும் மலையாளமுமாகக் கலந்து வழங்குகின்றன. அம்மரங்களுள் மா வர்க்கத்தைச் சேர்ந்த சிலவற்றை இங்குக் கவனிப்போம்.

தாவர நூலார் அனகார்டியேசி எனப் பெயரிட்டுள்ள இவ்வர்க்கத்தில் ஏறத்தாழ 80 பேரினங்களும், 800க்கு மேற்பட்ட சிற்றினங்களும் உள்ளன. மேனாட்டார் சுமாக் என வழங்கும் செடிகளும், சீனத்திலும் ஜப்பானிலும் அரக்குப் பூச்சுக்குப் பால் தரும் மரமும் இதில் அடங்கும். பட்டையினுள் ஓடும் பிசின் குழாய்களே இவ்வர்க்கத்தின் சிறப்பிலக்கணம். காயம்பட்ட இடத்தில் கசியும் பால் காற்றுப் பட்டதும் பல இனங்களில் கறுத்து இறுகிவிடும். மரத்துக்குக் கவசமாகும் அப்பாலே மனிதருக்கு நஞ்சாவதும் உண்டு.

களப்பணியாளர் முதலில் அறியவேண்டியது சேரு மரம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய இம்மரம் காடுகளிலும், ஊர்ப்புறத்துப் பழைய காவுகளிலும் காணப்படுகின்றது. 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ என்னும் நூலிலேயே இது காட்டுச்சேரு என்ற பெயருடன் படமாக இடம்பெற்றது. இலைகள் கிளை நுனியில் கொத்தாக நெருங்கி நிற்கும். ஒவ்வோர் இலையும் நுனிப் பக்கம் அகன்று, அடிப் பக்கம் குறுகியிருக்கும். இளம் இலைக்காம்பில் முள்போன்ற இரு சிறு நீட்டங்கள் தென்படும். பின்னர் அவை உதிர்ந்துவிடும். வெட்டுவாயில் கறுத்த கறையைக் கண்டால் ஐயம் தீரும். எனினும் ஐயம் தீர்ப்பதற்காக மரத்தை வெட்டிப் பார்ப்பது விவேகமன்று.

இதன் பால் மேலே பட்டால் தோல் சிவந்து, தடித்து, கொப்புளங்கள் எழும். மரத்தினின்று சொட்டும் மழைநீரே போதும் என்பர் கிராமத்தார். முதன்முறை பட்டபோது ஒன்றும் நேராமலிருக்கலாம். அதனால் ‘எனக்குச் சேரு ஒன்றும் செய்யாது’ என்று சிலர் துணிந்துவிடுகின்றனர். உண்மையில் அம்முதல் தொடர்பிலேயே உடல் அந்நஞ்சை அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளக்கூடும். அவ்வாறாயின் மறுமுறை படும்பொழுது, ஓரிரு நாட்களுக்குள் கொப்புளம் தோன்றும். பள்ளிச் சிறுவர் பலர் வேலியோரம் விளையாடிய அன்று நலமாயிருந்து, மறுநாள் முகம் வீங்கி வருவதன் காரணம் இதுவே.

சேரு பட்டவர் தான்றி மரத்தைச் சுற்றி வந்து வணங்கினால் குணமாகும் என்பது கேரள நாட்டின் பழைய நம்பிக்கை. இக்கொப்புளங்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் தாமாகவே அடங்குபவை. ஆகையால் தான்றிக்கும் நற்பெயர் நிலைத்துவிட்டது. நம்பிக்கையைப் பரிகசிக்கத் தேவையில்லை. ஆனால், தான்றியைத் தேடிச் செல்லுமுன் சோப்பும் மிகுதியான நீரும் கொண்டு உடனே கழுவ வேண்டும் என்பதை ஆசிரியர்கள் வற்புறுத்திக் கூறுதல் வேண்டும். பால் தோலில் ஊறுவதற்குச் சில நிமிடங்களே போதும். உடையையும் கத்தியையும் கழுவாவிட்டால் அவற்றிலிருந்தே மீண்டும் படும். கொப்புள நீரினால் நோய் பிறருக்குப் பரவாது. ஆகவே பிள்ளையைத் தனியே ஒதுக்கி உட்காரவைப்பது வீண். கண்ணிமை வீங்கினாலோ, மூச்சுத் திணறினாலோ தாமதமின்றி மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வெட்டிய சேரு விறகை எரிப்பதும் கூடாது. புகையுடன் நஞ்சும் ஏறி வரலாம்.

இதன் உறவினமே சித்த மருத்துவர் முறைப்படி சுத்தி செய்து உபயோகிக்கும் சேராங்கொட்டை. வண்ணார் துணிக்குக் குறியிடும் அழியாத மை இதிலிருந்து கிடைத்ததே. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்கப் படையினருக்குக் கழுத்துப் பட்டையில் குறியிட்ட இடத்திலேயே தடிப்பு எழுந்ததும், மருத்துவர்கள் அதற்கு வண்ணான் குறியே காரணம் எனக் கண்டதும் 1943இல் பதிவாகியுள்ளன.

குமரி மாவட்டத்தார் கொல்லாமரம் என்றும், கேரளத்தார் பறங்கிமாவு என்றும் கூறும் முந்திரி, பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கொணர்ந்தது. வந்தேறியாயினும் வளமற்ற செம்பாறையில் நம் நாட்டு மரம்போலவே தழைக்கின்றது. இதன் ஓட்டு எண்ணெயும் சேருப்பாலுக்கு நெருங்கியதே. கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்துத் தோல் உரிவதை, எல்லையின் இருபுறத்துத் தொழிற்சாலைகளிலும் காணலாம். மலிவான கையுறை ஒன்று தடுக்கக்கூடிய துன்பம் இது. வேகம் குறைந்து கூலியும் குறையும் என்று அஞ்சியே பலர் அதைக் கழற்றிவிடுகின்றனர்.

நெய்யாற்றின் தலைப்பகுதி மலைகளில் செங்குறிஞ்சி உண்டு. தென்மேற்கு மலைத்தொடரின் தென்கோடியன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத இச்செந்நிற மரத்தின் பெயரையே கொல்லம் மாவட்டத்துச் செந்துருணி வனவிலங்குச் சரணாலயம் (1984) தாங்கியுள்ளது. இதன் இளங்கன்றுகள் காட்டில் அரிதாகவே தலையெடுக்கின்றன என்பது ஆராய்ச்சியாளர்களின் கவலை.

வீட்டுவேலிக்கு ஏற்றவை அம்பாழமும் ஒதியனும். அம்பாழத்தின் புளித்த காய் ஊறுகாய்க்கு உதவும். ‘ஒதி பெருத்தால் உத்தரமாகுமா’ என்று ஒதியனை இகழ்வர். உத்தரத்துக்கு ஆகாததே அதற்கு ஆயுளாயிற்று போலும். கோடையில் இலை முழுவதையும் உதிர்த்து வறட்சியைத் தாங்கும். மழை தொடங்குமுன் கைத்தடிமன் உள்ள கிளையை நட்டால் வேர்விட்டு, கால்நடைக்குத் தழையும் தரும். ஆனால் ரப்பர்த் தோட்டமும் கல்மதிலும் பரவிய இடங்களில் உயிர்வேலி மறைந்து வருகின்றது. பள்ளி வளாகத்தின் ஒரு புறமேனும் ஒதியன் போத்து நடக் கருதுவோர், பழைய வேலி எஞ்சியுள்ள வீடுகளில் கேட்டால் கிளை கிடைக்கும். மே மாத இறுதி நடவுக்கு உகந்த காலம்.