இரைச்சலுக்கு அஞ்சி எர்த்தைத் துண்டிக்காதீர்கள்

சங்கீதப் பிரியர்களின் இல்லங்களில் ஆம்ப்ளிஃபையர் இன்று ஆடம்பரப் பொருள் அன்று. சென்னை ரிச்சி தெருவில் உறுப்புகளை வாங்கி உள்ளூர் மெக்கானிக் கோத்துக் கொடுத்த அசெம்பிள் செட்டாயினும், பெரிய கடையில் வாங்கிய கம்பெனி செட்டாயினும், அது 230 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் சாதனம் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அது பழுதுபட்டால் நாமே செய்யத் தக்கது எது, தொடவே கூடாதது எது, விற்றவரிடம் உரிமையோடு கேட்டுப் பெறத் தக்கது எது என்னும் மூன்றையும் பிரித்தறிவது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியம்.

பெட்டியைத் திறவாமலே அறியக் கூடியவை பல உண்டு. ஒரு ஸ்பீக்கர் மட்டும் மௌனமாகிவிட்டால், செட்டை அணைத்துவிட்டு, பின்புறத்தில் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். அப்போதும் அதே ஸ்பீக்கர் பேசாதிருந்தால் குற்றம் அதனிடத்திலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. மௌனம் மற்றதற்குத் தாவினால், ஒயர்களைப் பழையபடி மாட்டிவிட்டு, இன்புட் ஒயர்களை அவ்வாறே மாற்றுங்கள். மௌனமும் கூடவே இடம் மாறினால் பாட்டுத் தரும் கருவியோ அதன் ஒயரோ காரணம், மாறாவிட்டால் ஆம்ப்ளிஃபையரே காரணம். வால்யூம் குமிழைத் திருகும்போது மட்டும் எழும் கரகரப்பு பெரும்பாலும் குமிழின் உள்ளே படிந்த தூசியால் வருவது. செட் சூடேறித் தானே நின்றுவிடுமானால், காற்றோட்டம் இல்லாத அலமாரியில் வைத்திருக்கிறோமா, இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே முனையில் இணைத்துச் சுமையை 4 ஓமாக்கிவிட்டோமா என்று பார்க்க வேண்டும்.

மிகுந்த கவனத்துக்குரியது, மெக்கானிக்குகள் ஹம் என்று சொல்லும் ஓயாத இரைச்சல். இன்புட் ஒயர்களைக் கழற்றியவுடன் அது நின்றுவிட்டால், இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது, டி.வி., கம்ப்யூட்டர் முதலியவற்றோடு இணைக்கையில் எர்த் இரு வழிகளில் சுற்றி வருவதே பல வீடுகளில் காரணம், எல்லாவற்றையும் ஒரே சுவிட்ச் போர்டிலிருந்து ஓட்டினால் பெரும்பாலும் குறையும். ஒயர்களைக் கழற்றி, வால்யூமை அடியோடு குறைத்த பின்னும் நீடித்தால், மின்சாரத்தைச் சீராக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் வயதாகி வலுவிழந்திருக்கலாம். அது மெக்கானிக்கின் வேலை.

ஆனால் நம்மவரில் சிலர், மூன்று முனை பிளக்கின் பருத்த எர்த் முனையை ஒடித்தெறிந்தோ, ஒயரைக் கத்தரித்தோ இரைச்சலை அடக்கிவிட்டதாக மகிழ்கிறார்கள். எர்த் இருக்கும்போது, டிரான்ஸ்பார்மரின் காப்பு பழுதாகி மின்சாரம் உலோகப் பெட்டியில் ஏறினாலும், அது எர்த் வழியே பாய்ந்து பியூஸை எரித்து இணைப்பை அறுத்துவிடும். எர்த் இல்லையேல் பியூஸும் எரியாது, செட்டும் பாடிக்கொண்டே இருக்கும். ஈரக்கையோடு பெட்டியைத் தொட்டவரின் உடம்பே மின்சாரத்துக்கு வழியாகிவிடும். இரைச்சல் தருவது எரிச்சல். எர்த் இல்லாமை தருவதோ பிராணாபாயம். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் காப்புச் சாதனத்தையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்திக்கொள்வது நல்லது.

எரிந்த பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றுவது வீட்டுக்குத் தீ வைக்கும் காரியம். அதே அளவுள்ள பியூஸையே போட வேண்டும், அதுவும் உடனே எரிந்தால் மறுமுறை போடாமல் நிறுத்திவிட வேண்டும். செட்டைப் போட்டவுடன் ஸ்பீக்கரின் கூம்பு வெளியே தள்ளி அப்படியே நின்றாலும், கருகல் வாடை வந்தாலும் தயங்காமல் அணையுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வால்வு செட்டுகளிலோ அது 300 வோல்ட்டுக்கு மேலும் இருக்கக் கூடும். ஆகவே பயிற்சியில்லாதவர் மூடியைத் திறத்தலாகாது. வாரண்டி காலத்தில் திறப்பது உரிமைக்கும் பங்கம் விளைவிக்கும்.

அந்த உரிமை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தால் உறுதி செய்யப்பட்டிருக்கிறது. பில் தராதிருப்பதும், பில்லில் கண்ட காலத்துக்குள், காலம் குறிப்பிடப்படாவிடில் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அச்சட்டப்படி நேர்மையற்ற வணிக முறைகள். கூலி பெற்றுக்கொண்டு அரைகுறையாகப் பழுது பார்த்தாலும் அது சேவைக் குறைபாடே. ஆகவே பில்லையும் வாரண்டி அட்டையையும் பத்திரப்படுத்துங்கள். பழுது பார்க்கக் கொடுக்கையில் ரசீது பெற்று, மாற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்குங்கள். முதலில் விற்றவருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். பயனில்லையேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் இணங்காவிட்டால், வழக்குக் காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

இன்றே உங்கள் ஆம்ப்ளிஃபையரின் பிளக்கை எடுத்துப் பாருங்கள். எர்த் முனை ஒடிந்திருந்தால், அதை மாற்றிய பிறகே அடுத்த பாட்டைக் கேளுங்கள்.