எந்திரத்தின் உள்ளே – 17: செயலிக்கு நொடி கற்பிக்கும் கெர்னல்

ஒரு வேலையை நிறுத்திவிட்டு அடுத்த வேலைக்கு, இயங்குதளத்தின் மையமான கெர்னல் எப்படித் தாவுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் தாவலுக்கெல்லாம் அடிப்படை நேரம். கணினியை இயக்கியதும், ஒரு நொடி எவ்வளவு நீளம் என்பதைக் கெர்னல் எங்கிருந்து தெரிந்துகொள்கிறது?

காரைக்கால் திருவேட்டக்குடியில் உள்ள என்.ஐ.டி. ஆய்வகத்திலோ உங்கள் வீட்டு மேசையிலோ லினக்ஸ் ஓடும் இன்டெல் கணினி இருந்தால், அது துவங்கும்போது எழுதிவைக்கும் குறிப்புகளைப் புரட்டுங்கள். செயலியின் வேகம் இத்தனை மெகாஹெர்ட்ஸ் என்று ஒரு வரி இருக்கும். பல கணினிகளில், சற்றுத் தள்ளி அதே வேகத்தைக் கொஞ்சம் திருத்திச் சொல்லும் இன்னொரு வரியும் இருக்கும். அந்த இரண்டு வரிகளின் கதைதான் இது.

பென்டியம் காலத்திலிருந்து இன்டெல் செயலிகளுக்குள் டி.எஸ்.சி. என்றொரு எண்ணி இருக்கிறது. அது ஓயாமல் எண்ணிக்கொண்டே போகும். அதைப் படிப்பதற்கு ஆகும் நேரமும் மிகக் குறைவு. ஆனால் நொடிக்கு எத்தனை எண்ணுகிறது என்பது அதற்கே தெரியாது. மீன் ஏலக்கூடத் தராசைச் சோதிக்க வரும் அதிகாரி, எடை தெரிந்த கல்லைத் தட்டில் வைத்துப் பார்த்துத்தான் முத்திரை குத்துவார். டி.எஸ்.சி.க்கும் அப்படி ஒரு கல் வேண்டும்.

அந்தக் கல் வந்த வழி விசித்திரமானது. அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிக்காக மலிவாகக் கிடைத்த குவார்ட்ஸ் படிகத்தின் 14.31818 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை, 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி. எடுத்துக்கொண்டது. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 1.193182 மெகாஹெர்ட்ஸ், பி.சி.யின் பழைய டைமர் சிப்பின் வேகம் அது. நான்கால் வகுத்தால் 3.579545, பின்னால் வந்த ஏ.சி.பி.ஐ. டைமரின் வேகம். வேகம் முன்கூட்டியே தெரிந்த இந்த டைமர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவை இவ்வளவு நகர்வதற்குள் டி.எஸ்.சி. எவ்வளவு ஓடியது என்று கெர்னல் கணக்குப் பார்க்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பழைய டைமரை ஒருமுறை படிக்கவே சுமார் ஒரு மைக்ரோநொடி ஆகிவிடும். பத்து மில்லிநொடி மட்டும் அளந்தால், அந்த ஒரு மைக்ரோநொடிப் பிசகு பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு நாளைக்கு 86,400 நொடி. ஆக, ஒரே நாளில் கடிகாரம் 8.6 நொடி தப்பும். அதே பிசகோடு ஒரு முழு நொடி அளந்தால், நாளுக்கு 0.09 நொடிகூடத் தப்பாது. கருவி அதேதான். காத்திருந்த நேரம் மட்டும் நூறு மடங்கு கூடியிருக்கிறது.

ஆனால் கணினி துவங்கும்போது ஒரு நொடி சும்மா காத்திருக்க யாருக்கும் மனம் வராது. அதனால் லினக்ஸ் இரண்டு தவணையாக அளக்கிறது. முதலில் சில மில்லிநொடிகளில் ஒரு தோராயக் கணக்கு. கணினி அதை வைத்து எழுந்துவிடும். பிறகு மற்ற வேலைகளுக்குப் பின்னணியில் சுமார் ஒரு நொடி பொறுமையாக அளந்து திருத்துகிறது. குறிப்புகளில் பார்த்த இரண்டு வரிகளும் இந்த இரண்டு கணக்குகள்தான். திருத்திய கணக்கு முதல் கணக்கிலிருந்து நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் விலகினால், அதை ஏற்காமல் தள்ளிவிடுகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. வெப்பம், மின்சாரம் போன்றவற்றைக் கவனிக்க, மதர்போர்டின் பயாஸ் நிரல் சில சமயம் கெர்னலிடம் சொல்லாமலே செயலியைப் பிடுங்கிக்கொள்ளும். அளவின் நடுவில் அது நடந்தால் கணக்கு கெட்டுவிடும். அடுத்தடுத்த படிப்புகளுக்கு இடையில் பெரிய இடைவெளி தெரிந்தால், யாரோ குறுக்கே வந்திருக்கிறார்கள் என்று கெர்னல் ஊகித்து, அந்த அளவை விட்டுவிட்டு மறுபடி முயல்கிறது. நல்ல அளவுக்கு அடையாளம், கெட்டுப்போன அளவைத் தானே கண்டுபிடித்துத் தள்ளுவது. இந்த நிரலில் நான் பெரிதும் மதிப்பது அதைத்தான்.

புதிய வடிவமைப்புகள் இந்த வேலையைக் குறைக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலி பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் விதிப்படி, நேர எண்ணி மாறாத வேகத்தில் ஓட வேண்டும். அந்த வேகத்தைக் கெர்னல் அறிய வன்பொருளே வழி செய்ய வேண்டும். அப்போதும் படிகம் வெயிலுக்கும் வயதுக்கும் ஏற்பக் கொஞ்சம் விலகும். அதைத் திருத்த வெளியிலிருந்து நேரம் வர வேண்டும். இந்திய நேரத்தைக் காப்பது டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம். அந்த ஆய்வகத்தின் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் நேர சர்வர்களோடு கணினிகளை இணைக்கச் சொல்லி, 2022 ஏப்ரலில் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது.

காரைக்கால் வானிலை ராடாரும் சென்னை ராடாரும் ஒரே புயலைப் பார்க்கின்றன. இரண்டு படங்களையும் பொருத்திப் பார்க்க, இரண்டின் நேரக்குறிப்பும் ஒத்துப்போக வேண்டும். காரைக்கால் மீனவருக்குப் போகும் எச்சரிக்கைக்குப் பின்னால் அந்தக் கணக்கும் இருக்கிறது. கணினி படிக்கும் பிள்ளைகள் லினக்ஸ் மூலநிரலில் டி.எஸ்.சி. பெயரிலேயே இருக்கும் கோப்பை ஒருமுறையாவது வாசிக்க வேண்டும் என்று நான் விரும்புவது அதனால்தான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அது எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது.

அடுத்த வாரம்: ஒரே கணினியில் பல செயலிக் கருக்கள் இருந்தால், அவற்றின் எண்ணிகளை ஒன்றோடொன்று ஒத்துப்போக வைப்பது எப்படி?